லூஸ் மோஷனுக்கு ஆன்டிபயாடிக் வேணுமா?

"நைட்டுலேருந்து ஏழெட்டு தடவை போயிடுச்சு டாக்டர். மெடிக்கல் ஷாப்ல சொல்லி ரெண்டு மாத்திரை போட்டேன், நிக்கல."

வாரம் தவறாமல் கேட்கும் வசனம் இது. பெரியவர்களுக்கு வரும் வயிற்றுப்போக்கு பற்றி ஒரு சிறு இழை.

1/ வாந்தியோடு ஆரம்பித்து, தண்ணி தண்ணியா போய், லேசான காய்ச்சல் அடித்து, வீட்டில் இன்னொருத்தருக்கும் வந்தால் பெரும்பாலும் வைரஸ். நோரோ வைரஸ் இதில் முக்கியமானது. ரெண்டு மூணு நாளில் தானாக அடங்கும். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது.

2/ மலத்தில் ரத்தம், சளி, கடும் காய்ச்சல், முறுக்கும் வலி, போய் வந்தும் முக்கல் இருந்தால் ஷிகெல்லா போன்ற பாக்டீரியா காரணமாக இருக்கலாம். அமீபாவாகவும் இருக்கலாம். மலப் பரிசோதனை செய்துதான் மருந்து. பேதியை நிறுத்தும் லோபரமைடை இங்கே நீங்களாகப் போடவே கூடாது. ரத்தபேதி தரும் ஒருவகை ஈ.கோலைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் கிட்னி பாதிப்பு அபாயம் கூடலாம்.

3/ விருந்து சாப்பிட்டு சில மணி நேரத்தில் வாந்தியா? சாப்பாட்டிலேயே பாக்டீரியா உண்டாக்கி வைத்த நச்சாக இருக்கலாம். அதற்கும் ஆன்டிபயாடிக் வேண்டாம்.

4/ இந்த அறிகுறிகள் எப்போதும் சரியாக இருக்குமா? இருக்காது. காலரா பாக்டீரியாதான். ஆனால் ரத்தம் வராது, காய்ச்சலும் பெரும்பாலும் இருக்காது. அரிசி கழுவின தண்ணி மாதிரி கொட்டும்.

5/ 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்க அகதி முகாமில் காலரா பரவியது. சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுக்க வைத்தார். சுமார் 30% ஆக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

6/ பேதியில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் நீரிழப்பு. கிருமி எதுவானாலும் முதல் மருந்து ஓ.ஆர்.எஸ். 1 லிட்டர் பாக்கெட்டை முழுசா 1 லிட்டர் தண்ணீரில் கலக்குங்க. ஒவ்வொரு தடவை போன பிறகும் ஒரு டம்ளர், கொஞ்சம் கொஞ்சமா குடிங்க. சுகர் உள்ளவர்களும் குடிக்கலாம். இதய, கிட்னி நோயாளிகள் மட்டும் டாக்டரிடம் அளவு கேட்டுக்கோங்க.

7/ ரத்தம், கடும் காய்ச்சல், குடித்ததெல்லாம் வாந்தி, தலைசுற்றல், 6 மணி நேரமா சிறுநீர் இல்லை, 3 நாளாகியும் நிற்கவில்லை: இதில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனைக்குப் போங்க. முதியவர்கள், கர்ப்பிணிகள் இன்னும் சீக்கிரம்.

என் கருத்து இதுதான். ஆன்டிபயாடிக் எழுதாமல் ஓ.ஆர்.எஸ். மட்டும் கொடுத்தனுப்பும் டாக்டர் உங்களை அலட்சியம் செய்யவில்லை. நாளை நிஜமாகவே தேவைப்படும்போது அந்த மாத்திரை வேலை செய்யணும் என்று யோசிக்கிறார்.