பேடு வாசித்தால் காப்பியா?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் திருவிழாக் கச்சேரி முடிந்ததும் ஒரு தீர்ப்பு காதில் விழும்: "கீபோர்டு, ரிதம் பேடு, கம்ப்யூட்டர் எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. அதில் போடுவதெல்லாம் காப்பிதான்." சொந்தமாக மெட்டுப் போட்டுப் பழகும் பிள்ளைகளை இந்தப் பேச்சு முடக்கிப் போடுகிறது. இது தவறான தீர்ப்பு.

கருவி அந்நியம் என்றால் இசையும் நகலா? 1982-இல் மும்பைக் கலைஞர் சரண்ஜித் சிங், ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303, டிஆர்-808 என்ற மின்னணு இசைக்கருவிகளில் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தோடு வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டார். அன்று அதைச் சீந்துவாரில்லை. 1987-இல் சிகாகோவின் ஃபியூச்சர் குழு அதே 303-ஐக் கொண்டு 'ஆசிட் டிராக்ஸ்' வெளியிட்டது. ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை வகை அதிலிருந்துதான் பரவியது. 2010-இல் சிங்கின் தட்டு மறுபடி வெளிவந்தபோது, இரண்டுக்கும் இருந்த ஒலி ஒற்றுமை கேட்டவர்களைத் திகைக்க வைத்தது. சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் வசதி 303 கருவியிலேயே உண்டு. சிங் அதில் ராகம் தேடினார். சிகாகோக்காரர்கள் குமிழ்களைத் திருகி ஒலியையே உருமாற்றினார்கள். யாரும் யாரையும் காப்பியடிக்கவில்லை.

அடுத்தவர் பாணியை எடுப்பதே களவு என்கிறார்கள். அவர்கள் கங்கைகொண்ட சோழபுரம் போய் அண்ணாந்து பார்க்கட்டும். அரியலூர் மாவட்டத்தில்தானே இருக்கிறது! தந்தை ராஜராஜன் தஞ்சையில் 1010-இல் முடித்த கோயிலை மனத்தில் வைத்துத்தான் ராஜேந்திர சோழன் இங்குள்ள கோயிலை எழுப்பினான். தஞ்சை விமானம் நேர்கோட்டில் ஏறுகிறது. இது உள்வாங்கி, வளைந்து ஏறுகிறது. அது 200 அடியைத் தாண்டும். இது 180 அடியளவு. தந்தையின் கோயில் இல்லாமல் இது இல்லை. இதை நகல் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

இயந்திரம் நம் தாளத்தை அழிக்கிறது என்பதும் நிற்காது. பறை, உறுமி, பம்பை ஒலிகளைப் பதிந்து பேடில் ஏற்றலாம். எந்த அடியை எங்கே வைப்பது என்பது வாசிப்பவரின் கையில். 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினியைப் பயன்படுத்தினார். இசை இளையராஜாவுடையதாகத்தான் இருந்தது.

கம்பெனி ஏற்றி அனுப்பிய ஸ்டைலை அப்படியே ஓடவிட்டு, விலைக்கு வாங்கிய லூப்பை அப்படியே ஒட்டி, தன் பெயரைப் போட்டுக்கொள்வது நகல்தான். அதற்கு நான் பரிந்து பேசமாட்டேன். எடுத்ததில் எதை மாற்றினாய், ஏன் மாற்றினாய் என்று கேளுங்கள். பதில் இருப்பவனைத் திருடன் என்னாதீர்கள்.

விழாக் குழுவினரே, அடுத்த திருவிழாவுக்குக் கச்சேரி பேசும்போது சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே அரைமணி நேரத்தை உங்கள் ஊர்ப் பிள்ளைகளின் சொந்த இசைக்கு ஒதுக்குங்கள்.