கேமரா பார்த்தது, ஆள் பார்க்கவில்லை

2019 அக்டோபர் 2 அதிகாலை, திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் அருகே உள்ள லலிதா ஜுவல்லரியின் பின்சுவரில் ஆள் நுழையும் அளவுக்குத் துளை போட்டு இரண்டு பேர் உள்ளே புகுந்தார்கள். முகத்தில் பொம்மை முகமூடி. சுமார் 13 கோடி ரூபாய் நகை போனது. வாசலில் காவல் இருந்தது, கேமராக்களும் ஓடிக்கொண்டிருந்தன. காலையில் கடை திறந்த பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது. முதல் ஆள் சிக்கியது மறுநாள் இரவு, திருவாரூரில் போலீஸார் நடத்திய வாகனச் சோதனையில்.

கணினிப் பாதுகாப்பு வகுப்புகளில் முதல் பாடமாக இதை வைக்கலாம். பயர்வாலுக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கும் அலுவலகத்தில், ஏசி பழுதான அன்று சர்வர் அறைக் கதவு நாற்காலி முட்டுக்கொடுத்துத் திறந்து கிடக்கும். அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போகிறவர், பின்னால் இரண்டு கையிலும் பெட்டியோடு வருபவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மரியாதைதான். ஆனால் அந்த நொடியில் பூட்டு இருந்தும் இல்லை. வேலையை விட்டுப் போனவரின் அட்டையோ மாதக்கணக்கில் செல்லுபடியாகும்.

எந்தச் சுவரும் நேரத்தை மட்டுமே வாங்கித் தரும். அந்த நேரத்துக்குள் ஒருவர் கவனித்து ஓடிவர வேண்டும்.

ஸ்ரீரங்கத்தில் ஏழு பிராகாரங்கள். 1323-ல் டில்லிப் படை வந்தபோது மதில்கள் அதைத் தடுத்து நிறுத்தவில்லை. ஆனால் கிடைத்த அவகாசத்தில் வைணவ ஆசாரியரான பிள்ளை லோகாசாரியர் உற்சவர் அழகிய மணவாளரை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே புறப்பட்டார், மூலவர் சன்னதி கல்சுவரால் மறைக்கப்பட்டது என்கிறது வைணவ மரபு. உற்சவர் திரும்ப 1371 ஆனது. ஒன்றை மறைத்து, மற்றொன்றை வெளியூருக்குக் கொண்டுபோன அந்த முடிவுதான் இரண்டையும் காத்தது. பேக்கப்பை அதே கட்டடத்தில் வைத்திருக்கும் நிறுவனங்கள் இதை யோசிக்க வேண்டும்.

மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி, இணையத் தாக்குதல் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும், கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். நல்ல உத்தரவு. ஆனால் கவனிக்க ஆளே இல்லாத இடத்தில் அந்த 6 மணி நேரம் எப்போது தொடங்கும்? திருச்சியின் மருத்துவமனைகளும் கல்லூரிகளும் கூட்டுறவு வங்கிகளும், அடுத்த கேமரா வாங்குமுன், முந்தைய இரவின் கதவுப் பதிவைத் தினமும் காலையில் படிக்க ஒருவரை நியமிக்கட்டும். விலகும் ஊழியரின் அட்டையை அன்று மாலையே முடக்கும் அதிகாரமும் அவருக்கு இருக்கட்டும்.