கம்ப்யூட்டர் பாடத்தில் 81 மார்க், பைல் எங்கே?

என் அக்கா மகள் ஓசூரில் பி.காம். படித்தவள். முதல் ஆண்டில் அவளுக்கு கம்ப்யூட்டர் அடிப்படைகள் என்று ஒரு பேப்பர் இருந்தது. அதில் 81 மார்க் வாங்கினாள். இன்புட், சி.பி.யு., மெமரி, அவுட்புட் என்று கட்டம் போட்டு, அம்புக்குறி இட்டு, கண்ணை மூடிக்கொண்டே படம் வரைவாள். வீட்டில் எல்லோருக்கும் பெருமைதான்.

படிப்பு முடிந்ததும் சிப்காட் பகுதியில் உள்ள ஒரு தொழிற்சாலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாள். அலுவலக உதவியாளர் வேலை. மூன்று ஷிப்ட் ஆட்களின் வருகைப் பட்டியலை எக்ஸெல்லில் போட்டு, அவர்கள் சொன்ன போல்டரில் சேவ் செய்து, மூடிவிட்டு, மறுபடி திறந்து காட்ட வேண்டும். பட்டியலைப் பிழையில்லாமல் போட்டாள். சேவ் செய்தாள். மூடினாள். திரும்பத் திறக்கத்தான் முடியவில்லை. டெஸ்க்டாப்பில் தேடினாள், டாக்குமென்ட்ஸில் தேடினாள். நேரம் முடிந்துவிட்டது. வேலை வேறு ஒருவருக்குப் போயிற்று.

"சேவ் கொடுத்தேன் மாமா. எங்கே போச்சுன்னுதான் தெரியலை" என்றாள். கெலமங்கலத்தில் இருந்து பஸ் பிடித்து மூன்று வருடம் கல்லூரிக்குப் போய் வந்த பெண். அன்று அவள் அழுததை என்னால் மறக்க முடியவில்லை.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வாசகர்களுக்கு இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. உங்களில் பலர் பிள்ளை கல்லூரியில் சேர்ந்ததற்காகத்தான் அதை வாங்கியிருப்பீர்கள். அந்தப் பிள்ளையின் பையில் இதே பேப்பரின் நோட்ஸ் இருக்கும். "செல்போனில் எல்லாம் தெரிந்த பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. பாடம் கட்டாயம் வேண்டும். போன் பழக்கத்தால் இன்னும் அதிகமாகவே வேண்டும். போனில் எடுத்த போட்டோ தானாக கேலரிக்குப் போய்விடுகிறது. அது எந்த போல்டரில் இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. கம்ப்யூட்டர் அந்தச் சலுகையைத் தருவதில்லை.

என் குறை பாடம் நடத்தும் வரிசையில்தான். முதலில் விளக்கம், பிறகு படம், பிறகு இரண்டு மார்க் கேள்வி, கடைசியில் நேரம் இருந்தால் லேப். இதைத் தலைகீழாக மாற்ற வேண்டும்.

பைனரி எண்களையே எடுத்துக் கொள்ளுங்கள். 2, 4, 8, 16 என்று அட்டவணையாக ஒப்பிக்கச் சொல்கிறார்கள். எதற்கு என்று சொல்வதில்லை. இத்தனைக்கும் ஓசூர் கடிகார ஊர். 1984ல் டாட்டா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் நிறுவனம், தன் கைக்கடிகாரத் தொழிற்சாலையை இங்கேதான் அமைத்தது. சாதாரண குவார்ட்ஸ் கடிகாரத்தில் உள்ள படிகம் ஒரு விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த விசித்திரமான எண்? 15 இரண்டுகளைப் பெருக்கினால் வருவது இதுதான். உள்ளே உள்ள சர்க்யூட் அந்த அதிர்வைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கி, இப்படி 15 தடவை செய்கிறது. முடிவில் விநாடிக்கு ஒரு துடிப்பு. முள் ஒரு அடி நகர்கிறது. உங்கள் டெஸ்க்டாப் கம்ப்யூட்டரை ஆப் செய்த பிறகும் தேதி, நேரம் தவறாமல் இருப்பதற்கு உதவுவதும் இதே 32,768 படிகம்தான். மதர்போர்டில் உள்ள வட்டமான சிறிய பேட்டரி தீர்ந்தால், தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். ஆசிரியர் தன் கையில் உள்ள கடிகாரத்தைக் காட்டிப் பாடத்தைத் தொடங்கியிருந்தால், எந்த மாணவருக்கு மறந்திருக்கும்?

இன்னொன்றை உங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். 512 ஜி.பி. என்று சொல்லித்தான் லேப்டாப்பை விற்றிருப்பார்கள். விண்டோஸ் சுமார் 476 ஜி.பி. என்றுதான் காட்டும். விண்டோஸ் தன் தேவைக்கென ஒரு பகுதியைத் தனியாக ஒதுக்குவதால், சி டிரைவில் அதைவிடவும் சற்றுக் குறையும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர் 100 கோடி பைட்களை ஒரு ஜி.பி. என்று எண்ணுகிறார். விண்டோஸ் 1024ஐ மூன்று முறை பெருக்கி, 107,37,41,824 பைட்களை ஒரு ஜி.பி. என்று எண்ணுகிறது. ஒரே இடத்துக்கு இரண்டு அளவுகோல், அவ்வளவுதான். '1 ஜி.பி. = 1024 எம்.பி.' என்று பரீட்சையில் எழுதிவிட்டு வந்த மாணவர், வீட்டில் அப்பா இதைக் கேட்கும்போது விழிக்கிறார்.

மூன்றாவது சோதனை எங்கள் ஊருக்கென்றே அமைந்தது. ஓசூர் சந்தையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். வகுப்பிலும் அப்படித்தான். விண்டோஸ் செட்டிங்ஸில் மொழிகள் பகுதிக்குச் சென்று தமிழ் கீபோர்டைச் சேர்த்துக் கொள்ளுங்கள். தமிழ்99, அஞ்சல் இரண்டும் உண்டு. பின் நோட்பேடைத் திறந்து 'அம்மா' என்று மட்டும் டைப் செய்யுங்கள். என்டர் தட்ட வேண்டாம். யு.டி.எப்-8 முறையில் சேவ் செய்திடுங்கள். புதிய விண்டோஸில் அதுவே வழக்கமான முறை. அந்த பைல் மீது ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பாருங்கள். சைஸ் 15 பைட்ஸ் என்று இருக்கும். ஆங்கில எழுத்துகளில் நான்கெழுத்தாக அதே சொல்லை எழுதினால் 4 பைட்ஸ். கன்னடத்திலும் தெலுங்கிலும் 'அம்ம' என்று எழுதினால் 12. ஏன் இந்த வித்தியாசம்? இந்த மூன்று மொழிகளிலும் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். அம்மாவில் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என ஐந்து குறியீடுகள். மற்ற இரண்டிலும் கடைசித் துணைக்கால் இல்லை. கேரக்டர், பைட், பைல் சைஸ், சேவ் ஆகும் இடம் என நான்கு பாடங்கள் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

இவற்றுக்கெல்லாம் நேரம் இல்லை என்பார்கள். ஆனால் ஐந்து தலைமுறைக் கம்ப்யூட்டர்களை ஒப்பிக்க நேரம் இருக்கிறது. இன்றும் சில நோட்ஸில் ஐந்தாம் தலைமுறை இனிமேல் வரப்போவதாக எழுதியிருக்கிறது! ஜப்பான் அந்தப் பெயரில் 1982ல் தொடங்கிய பெரிய திட்டம் பத்தாண்டுகளில் முடிந்தே போயிற்று.

மத்திய அரசின் நீலிட் அமைப்பு நடத்தும் சி.சி.சி. என்னும் தொடக்கநிலைப் படிப்பு 80 மணி நேரத்துக்கு வகுக்கப்பட்டது. அதில் 50 மணி நேரம் செய்முறைக்கு. கல்லூரிப் பாடத்திலும் இந்தப் பங்கு வேண்டும். லேப் என்ற பெயரில் ஒரு கம்ப்யூட்டர் முன் மூன்று பேர் உட்கார்ந்து, ஒருவர் டைப் செய்ய இருவர் வேடிக்கை பார்ப்பதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தேர்விலும் பாதி மார்க்காவது மெஷின் முன்னால் கொடுக்கட்டும். பைலை உருவாக்கு, பெயர் மாற்று, வேறு போல்டருக்கு நகர்த்து, அழித்ததை மீட்டுக் கொண்டு வா. படம் வரைவது அதன் பிறகு.

தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில நோட்ஸுடன் திணறும் பிள்ளைகளுக்கு ஒரு வழி சொல்கிறேன். தமிழக அரசின் பிளஸ் 1 'கணினிப் பயன்பாடுகள்' பாடநூலில் எண் முறைகள், இயக்க அமைப்பு, விண்டோஸ், ஓபன் ஆபீஸ் எல்லாம் தமிழிலேயே இருக்கின்றன. இலவசமாக டவுன்லோடு செய்து கொள்ளலாம். கல்லூரி மாணவர் பள்ளிப் புத்தகத்தைப் படிப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அக்கா மகள் இப்போது ஞாயிறுதோறும் என் வீட்டுக்கு வருகிறாள். சேவ் செய்யும் முன் எந்த போல்டர் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது நாங்கள் வைத்துக் கொண்ட விதி. போன வாரம் திடீரென்று கேட்டாள்: "சி டிரைவ் இருக்கு, டி டிரைவ் இருக்கு. ஏ, பி ரெண்டும் எங்கே மாமா?"

அவை அந்தக் கால பிளாப்பி டிஸ்க்குகளுக்காக ஒதுக்கிய எழுத்துகள் என்று சொன்னேன். பிளாப்பி என்றால் எப்படி இருக்கும் என்றாள். பரணில் ஒன்று கிடக்கிறது. அடுத்த ஞாயிறு எடுத்து வைக்க வேண்டும்.