திருகுவதற்கு முன் தெரிந்துகொள்ளுங்கள்



மகன் முதல் சம்பளத்தில் மின் கித்தாரும் ஆம்பிளிஃபயரும் வாங்கி வந்திருக்கிறான். வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் மீட்டினால் தகரத்தைத் தட்டுவதுபோல் கேட்கிறது. இல்லையென்றால் பக்கத்து வீட்டுக் குழந்தை அலறி எழுகிறது. கித்தாரில் மூன்று குமிழ், பெட்டியில் ஆறு குமிழ். எது எதற்கென்று தெரியாமல் எல்லாவற்றையும் கூட்டி வைக்கிறான். “மட்டமான சாமானைத் தலையில் கட்டிவிட்டான்” என்று அப்பா கடைக்காரரைத் திட்டுகிறார்.

பெரும்பாலும் குற்றம் சாமானில் இல்லை. ஒலி எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்துகொண்டால் எந்தக் குமிழைத் தொடுவது என்பதும் தெரிந்துவிடும்.

பால் வெட்டிய பெரியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பால் மரத்திலிருந்து மங்குக்கு வருகிறது, மங்கிலிருந்து வாளிக்கு, வாளியிலிருந்து ஆலைக்கு. வெட்டும் இடத்தில் சிந்திய பாலை ஆலையில் தேடினால் கிடைக்காது. கித்தாரிலும் அப்படித்தான்.

முதலில் பிக்கப். காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக் கம்பியைப் பல ஆயிரம் சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது அதில் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கிறது. நைலான் தந்தி போட்டால் இந்தப் பிக்கப் ஊமையாகிவிடும்.

1952-இல் வந்த கிப்ஸன் லெஸ் பால் கித்தாரில் இரண்டு பிக்கப்புகள். 1954-இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மூன்று. இன்று கடையில் விற்கும் பெரும்பாலான கித்தார்கள் இவற்றின் சாயலில் செய்யப்பட்டவையே. எந்தப் பிக்கப் பேச வேண்டும் என்பதைச் சிறு விசை தீர்மானிக்கிறது. கழுத்துப் பக்கத்துப் பிக்கப் உருண்டு திரண்ட, இதமான ஒலி தரும். பாலத்துப் பக்கத்துப் பிக்கப் கூர்மையாக ஒலிக்கும். தகரச் சத்தம் கேட்டால் முதலில் இந்த விசையைப் பாருங்கள்.

அடுத்து, கித்தாரிலுள்ள டோன் குமிழ். சாதாரணக் கித்தாரில் இது எதையும் கூட்டுவதில்லை. கீச்சொலியைக் குறைக்க மட்டுமே தெரியும். 10-இல் வைத்தால் முழு ஒலியும் போகும். குறைக்கக் குறைக்க மழுங்கும். இங்கே குறைத்துவிட்டுப் பெட்டியில் கூட்டினால் இரைச்சல்தான் மிஞ்சும்.

இனிப் பெட்டிக்கு வருவோம். பலரும் குழம்புவது கெயின், மாஸ்டர் என்ற இரண்டு குமிழ்களில்தான். உள்ளே வந்த ஒலியை முதல் கட்டத்தில் எவ்வளவு முடுக்குவது என்பது கெயின். கடைசியில் எவ்வளவு வெளியே விடுவது என்பது மாஸ்டர். கெயினைக் குறைத்து மாஸ்டரைக் கூட்டினால் தெளிவான ஒலி. கெயினைக் கூட்டி மாஸ்டரைக் குறைத்தால், ராக் பாட்டில் வரும் கரகரப்பு, ஆனால் அறைக்குள் அடங்கும் அளவில். தோட்டத்து வீடானாலும் அடுக்குமாடி வீடானாலும் அக்கம்பக்கத்தாரோடு மனத்தாங்கல் இல்லாமல் பழக இதுவே வழி.

பேஸ், மிடில், டிரெபிள் மூன்றும் கனம், நடு, கூர்மை. தனியே வாசிக்கும்போது மிடிலைக் குறைத்தால் இனிமையாகத் தோன்றும். குழுவோடு வாசிக்கும்போது அதே கித்தார் மற்றக் கருவிகளுக்கிடையே மறைந்துபோகும். சில பெட்டிகளில் மூன்றையும் 0-இல் வைத்தால் ஒலியே வராது. பழுது என்று எண்ணிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

தொடங்கும் முறை இது. பெட்டியை முடுக்குமுன் மாஸ்டரை 0-இல் வையுங்கள். கெயின் 3, மற்ற மூன்றும் 5. கித்தாரில் ஒலி, டோன் இரண்டும் 10. இப்போது விசையைப் போட்டு, மாஸ்டரை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு குமிழை மட்டும் திருகிக் கேளுங்கள். ஒரு வாரத்தில் காது தானே கற்றுக்கொள்ளும்.

“பெரிய பெட்டி வாங்கினால்தான் கேட்கும்” என்று மகன் அடம் பிடிக்கிறானா? ஒலி இரண்டு மடங்காகக் கேட்க ஏறத்தாழ பத்து மடங்கு வாட் சக்தி வேண்டும். 10 வாட் பெட்டியை விட 100 வாட் பெட்டி ஏறத்தாழ இரண்டு மடங்குதான் உரக்கக் கேட்கும். வீட்டுக்கு 10 வாட் தாராளம். காதுக்கும் அதுவே நல்லது. 85 டெசிபெல் ஒலியை நாளுக்கு 8 மணி நேரம் கேட்கலாம் என்றால், 100 டெசிபெல்லை 15 நிமிடமே கேட்கலாம் என்பது ஒலி வல்லுநர்கள் வகுத்த கணக்கு. கெட்டுப்போன காதுக்கு மாற்றுப் பாகம் கடையில் கிடையாது.

கடைசியாக, பெற்றோர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று. பெட்டியின் பிளக்கில் மூன்றாவதாக இருக்கும் எர்த் முனை அலங்காரத்துக்கு அல்ல. கித்தாரின் தந்திகள் அந்தப் பெட்டியின் எர்த்தோடு இணைந்தவை. அவற்றைத் தொடுவது நம் பிள்ளையின் விரல்கள். 1972-ஆம் ஆண்டு மே மாதம் வேல்ஸின் ஸ்வான்ஸி நகரில், லெஸ் ஹார்வி என்ற கித்தார் கலைஞர் மேடையிலேயே மின்சாரம் தாக்கி மாண்டார். அவர் தொட்ட மைக் சரியாக எர்த் செய்யப்படவில்லை.

ஆகவே, எர்த் கம்பியை ஒருபோதும் துண்டிக்காதீர்கள். கல்யாணக் கொட்டகையிலும் கோயில் திருவிழாவிலும் மைக்கை வாய் அருகே கொண்டுபோகுமுன் எர்த் சரியா என்று மின்பணியாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். தந்தியைத் தொட்டதும் லேசாகச் சுருக்கென்றால்கூட, குமிழைத் திருகிக்கொண்டு நிற்காதீர்கள்; சுவரிலுள்ள விசையை அணையுங்கள். வால்வு வைத்த பெட்டியானால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிரைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும். வீட்டில் திறந்து பார்க்க வேண்டாம்.

பிள்ளைகள் வாசிக்கட்டும். நாமும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்போம், அவர்கள் கையில் கித்தாரைக் கொடுக்குமுன் பிளக்கை ஒரு முறை பார்த்துவிட்டு.