அண்ணன் கிரகம் எங்கே?

கும்பகோணத்தில் மகாமகம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை வருகிறது. ஏன் பன்னிரண்டு?

குரு என்று நாம் சொல்லும் வியாழன் கிரகம், சூரியனை ஒரு முறை சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகின்றன. அது சுற்றி முடித்து மீண்டும் சிம்ம ராசிக்கு வரும்போது மகாமகம் வருகிறது. 2004-ல் வந்தது. 2016-ல் வந்தது. அடுத்தது 2028-ல்.

இந்தப் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு வேறு சிலருக்குப் பெரிய தலைவலியாக இருக்கிறது. அவர்கள் வான ஆராய்ச்சி செய்யும் விஞ்ஞானிகள். மற்ற சூரியன்களுக்கும் நம் வியாழனைப் போல ஒரு பெரிய கிரகம் உண்டா என்று அவர்கள் தேடி வருகிறார்கள்.

மற்ற சூரியன்களா? ஆம். இரவில் மினுக்கும் நட்சத்திரம் ஒவ்வொன்றும் ஒரு சூரியன்தான். வெகு தொலைவில் இருப்பதால் புள்ளியாகத் தெரிகிறது. நம் சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரத்தையும் ஒரு கிரகம் சுற்றுகிறது என்று 1995-ல் மிஷேல் மயோர், டிடியே கெலோ என்ற இரண்டு சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அதற்காக 2019-ல் நோபல் பரிசு பெற்றார்கள். இன்று இப்படிக் கண்டுபிடிக்கப்பட்ட கிரகங்களின் எண்ணிக்கை 6,000-ஐத் தாண்டிவிட்டது.

ஆனால் அந்த ஆறாயிரத்தில், நம் வியாழனைப் போல வெகு தூரத்தில் மெல்லச் சுற்றும் பெரிய கிரகங்கள் மிகக் கொஞ்சம். அவை இல்லையா, அல்லது நம் கண்ணில் படவில்லையா? இதுதான் கேள்வி.

தலைமடையும் கடைமடையும்

நம் சூரியனின் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். உள்ளே புதன், வெள்ளி, பூமி, செவ்வாய். நான்கும் சிறியவை. வெளியே வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன். நான்கும் பெரியவை. எல்லாவற்றிலும் பெரியது வியாழன். 318 பூமிகளை ஒன்றாகச் சேர்த்து நிறுத்தால்தான் ஒரு வியாழனின் எடை வரும். பூமி சூரியனிலிருந்து 9 கோடியே 30 லட்சம் மைல் தூரத்தில் இருக்கிறது. வியாழன் இருப்பதோ 48 கோடி மைலுக்கு அப்பால்.

உருவத்தில் மட்டுமல்ல, வயதிலும் வியாழன்தான் அண்ணன் என்கிறார்கள். பூமியில் விழுந்த விண்கற்களைச் சோதித்து 2017-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். சூரியக் குடும்பம் தோன்றி பத்து லட்சம் ஆண்டுகளுக்குள் வியாழனின் கரு, பூமியைப் போல 20 மடங்கு வளர்ந்துவிட்டது என்பது அந்த முடிவு. பூமி உருண்டு திரண்டு முழு உருவம் பெறக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆயின.

முதலில் பிறந்த அண்ணன், பின்னால் பிறந்த தம்பிகளுக்கு நன்மை செய்தானா? கெடுதல் செய்தானா?

சூரியன் பிறந்தபோது அதைச் சுற்றி வாயுவும் தூசியும் ஒரு பெரிய தட்டுப்போலச் சுழன்றன. அந்தத் தூசியும் சிறு கற்களும் வெளியிலிருந்து உள்ளே, சூரியனை நோக்கி மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தன. வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைமடையில் இருப்பவன் மடையை அடைத்துத் தன் வயலுக்கே தண்ணீரைத் திருப்பிக்கொண்டால் என்ன ஆகும்? கடைமடை காய்ந்துபோகும்.

வியாழன் அந்தத் தலைமடைக்காரன் என்கிறார்கள் ஒரு சாரார். வெளியே ஒரு பெரிய கிரகம் முதலில் வளர்ந்துவிட்டால், உள்ளே வரவேண்டிய சரக்கை அது தடுத்துவிடும். ஆகவே உள்ளே கிரகங்கள் வளராது, வளர்ந்தாலும் சிறியதாகவே நிற்கும் என்பது அவர்கள் வாதம்.

இன்னொரு சாரார் இதை ஒப்புக்கொள்வதில்லை. நல்ல மழை பெய்த ஆண்டில் தலைமடையும் விளையும், கடைமடையும் விளையும் அல்லவா? தூசி நிறைய இருந்த இடத்தில் வெளியே பெரியதும் உண்டாகும், உள்ளே சிறியதும் உண்டாகும் என்கிறார்கள்.

தஞ்சாவூர் விவசாயியைக் கேட்டால், "இரண்டும் நடக்கும் ஐயா, ஆண்டைப் பொறுத்தது" என்பார். அவர் சொல்வது எவ்வளவு தூரம் சரி என்பதைப் பின்னால் பார்ப்போம்.

நான்கு ஆண்டு விழிப்பு

2009-ல் அமெரிக்கா, கெப்ளர் என்ற தொலைநோக்கியை விண்வெளிக்கு அனுப்பியது. வானத்தில் ஒரே இடத்தை, சுமார் ஒன்றரை லட்சம் நட்சத்திரங்களை, அது நான்கு ஆண்டுகள் கண் இமைக்காமல் பார்த்தது. ஒரு கிரகம் தன் நட்சத்திரத்துக்குக் குறுக்கே போனால் வெளிச்சம் ஒரு துளி குறையும். தெருவிளக்கின் முன்னால் கொசு பறப்பதைப் போல. அந்தத் துளிக் குறைவைக் கொண்டே கெப்ளர் 2,600-க்கு மேற்பட்ட கிரகங்களைக் கண்டுபிடித்தது.

அவற்றில் மிகப் பல, பூமியைவிடச் சற்றுப் பெரியவை, நெப்டியூனைவிடச் சிறியவை. சில நாட்களில் அல்லது சில வாரங்களில் ஒரு சுற்றை முடித்துவிடுபவை. நம் குடும்பத்தில் அந்த மாதிரி ஒன்றுகூட இல்லை!

அண்ணன்மார் ஏன் அகப்படவில்லை? காரணம் எளிது. வியாழனைப் போன்ற ஒரு கிரகம் 12 ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் குறுக்கே வரும். வந்தாலும் ஒன்றேகால் நாளில் கடந்துவிடும். அதுவும் நம் பார்வைக்கு நேர்க்கோட்டில் வர வேண்டும். அப்படிப்பட்ட ஆயிரம் கிரகங்களில் ஒன்றுதான் நேராக வரும். மற்ற 999-ம் மேலேயோ கீழேயோ போய்விடும். நான்கு ஆண்டு விழித்திருந்தாலும் பயன் இல்லை.

ஆகவே வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

தகப்பனார் ஒருவர் குழந்தையின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு கரகரவென்று சுற்றுகிறார். குழந்தை பெரிய வட்டம் போடுகிறது. தகப்பனாரும் நின்ற இடத்தில் நிற்க முடியாது. பின்னால் சாய்ந்து அவரும் ஒரு சிறு வட்டம் போடுவார். குழந்தையை மறைத்துவிட்டுத் தகப்பனாரை மட்டும் காட்டினாலும், யாரையோ சுற்றுகிறார் என்று நமக்குத் தெரிந்துவிடும்.

நட்சத்திரமும் இப்படித்தான் அசைகிறது. நம்மை நோக்கி வரும்போது அதன் ஒளி ஒரு சிறிது நீலத்தின் பக்கம் சாயும். விலகும்போது சிவப்பின் பக்கம் சாயும். ரயில் எதிரே வரும்போது ஊதல் கூர்மையாகவும், கடந்து போனபின் மந்தமாகவும் கேட்கிறதே, அதே தத்துவம்தான்.

வியாழன் இழுப்பதால் நம் சூரியன் நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் அசைகிறது. டவுன் பஸ்ஸின் வேகம்தான்! பூமி இழுப்பதால் ஏற்படும் அசைவோ நொடிக்கு 9 சென்டிமீட்டர். தவழும் குழந்தைகூட இதைவிட வேகமாகப் போகும். நட்சத்திரங்களோ, அவற்றின் ஒளி நம்மை வந்தடையவே நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும் தூரத்தில் இருக்கின்றன. அங்கே ஓடும் டவுன் பஸ்ஸின் வேகத்தை இங்கிருந்து அளக்க வேண்டும்.

சென்னையில் ஒரு பழைய கதை

இப்படி நட்சத்திரத்தின் அசைவைக் கொண்டு கிரகத்தைத் தேடுவது நேற்று வந்த யோசனை அல்ல. 1855-லேயே சென்னையில் ஒருவர் முயன்றிருக்கிறார்.

கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் ஒரு வானிலையம் வைத்திருந்தது. அதன் தலைவர் காப்டன் டபிள்யூ. எஸ். ஜேக்கப். ஒன்றையொன்று சுற்றும் ஓர் இரட்டை நட்சத்திரத்தை அவர் ஆராய்ந்தார். அதன் போக்கு கணக்குக்குச் சரியாக ஒத்துவரவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிரகம் இழுப்பதே காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்.

அது தவறு என்று பின்னால் தெரிந்தது. அவர் சொன்ன கிரகம் அங்கே இல்லை. ஆனாலும் இன்றுள்ள பெரிய கருவிகள் எதுவும் இல்லாத காலத்தில், சென்னை வெயிலிலும் புழுக்கத்திலும் உட்கார்ந்து, இந்த யோசனையை ஒருவர் துணிந்து சொன்னார் என்பது சாதாரண விஷயம் அல்ல.

மூன்றில் ஒன்றா, பத்தில் ஒன்றா?

இனி இன்றைய வழக்குக்கு வருவோம்.

உள்ளே சிறு கிரகங்கள் இருப்பதாகத் தெரிந்த நட்சத்திரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, வெளியே பெரியது உண்டா என்று பார்த்தார்கள். 2018-லும் 2019-லும் வந்த இரண்டு கணக்குகள், இப்படிப்பட்ட வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் அண்ணன் இருக்கிறான் என்றன. பொதுவாகச் சூரியனைப் போன்ற நட்சத்திரங்களில் பத்தில் ஒன்றுக்குத்தான் அண்ணன் உண்டு. ஆகவே இது பெரிய செய்தி. மழை பெய்தால் இரண்டு மடையும் விளையும் என்ற கட்சிக்கு வெற்றி!

2023-ல் மறுப்பு வந்தது. ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான லா பால்மா தீவில், இத்தாலியரின் கலிலியோ தொலைநோக்கி இருக்கிறது. அங்கே ஏறக்குறைய பத்து ஆண்டுகள் 38 நட்சத்திரங்களைக் கவனித்தார்கள். மூன்றே மூன்று வீடுகளில்தான் அண்ணன்மார் அகப்பட்டார்கள். கணக்குப் போட்டால் நூற்றுக்கு 9. அதாவது மற்ற நட்சத்திரங்களைப் போலத்தான். கூடுதல் ஒன்றும் இல்லை.

ஹவாய்த் தீவில் மௌனாகியா என்ற மலை உச்சியில் கெக் தொலைநோக்கி இருக்கிறது. அதன் கண்ணாடியின் அகலம் 10 மீட்டர். அங்கேயும் ஒரு குழுவினர் பத்து ஆண்டுகளுக்கு மேல் 63 நட்சத்திரங்களைக் கவனித்து, 2,800-க்கு மேற்பட்ட அளவுகளை 2024-ல் வெளியிட்டார்கள். கிரகம் கிடைத்த நட்சத்திரம், கிடைக்காத நட்சத்திரம் எல்லாவற்றின் கணக்கையும் கொடுத்திருக்கிறார்கள். இதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். "தேடினோம், இல்லை" என்று சொல்வதற்கும் நேர்மை வேண்டும். இல்லாததை மறைத்து, இருப்பதை மட்டும் சொன்னால் எண்ணிக்கை பொய்யாகிவிடும்.

அதே 2024-ல் இன்னொரு விவரமும் வெளியாயிற்று. இரும்பு முதலிய உலோகங்கள் மிகுந்த நட்சத்திரங்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தால், சிறியதும் பெரியதும் சேர்ந்தே இருக்கும் வழக்கம் தெரிகிறதாம். உலோகம் மிகுதி என்றால் ஆதியில் தூசியும் மிகுதி. ஆண்டைப் பொறுத்தது என்ற நம் தஞ்சாவூர் விவசாயியின் பேச்சு நினைவுக்கு வருகிறதா?

ஆனால் தீர்ப்பு எழுதிவிட முடியாது. 38, 63 என்பவை சிறிய எண்கள். இன்னும் மூன்று நான்கு வீடுகளில் அண்ணன் அகப்பட்டால் விகிதமே மாறிவிடும். பத்து ஆண்டு பார்த்தாலும், பன்னிரண்டு ஆண்டில் சுற்றும் கிரகத்தின் ஒரு சுற்றுக்கூட முடியவில்லை. போதாக்குறைக்கு, நம் சூரியனில் கரும்புள்ளிகள் ஏறக்குறைய 11 ஆண்டுகளுக்கு ஒரு முறை கூடிக் குறைகின்றன. மற்ற நட்சத்திரங்களிலும் இப்படி உண்டு. அது கிரகம் இழுப்பதைப் போலவே வேடம் போட்டு ஏமாற்றும். கருவியைப் பழுது பார்த்தாலோ, தராசு முள் நகர்ந்ததுபோலக் கணக்கு நகர்ந்துவிடும்.

இரவுகளை ஒதுக்குங்கள்

நாம் சொல்ல விரும்புவது இதுதான்.

பெரிய தொலைநோக்கிகளில் இரவுகளைப் பங்கு போட்டுத்தான் கொடுக்கிறார்கள். கெக்கில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பங்கீடு. "இந்தத் தவணையில் என்ன கண்டுபிடிப்பீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். "பத்து ஆண்டு கழித்துச் சொல்கிறேன்" என்று பதில் சொல்லும் இளைஞனுக்கு யார் இரவு கொடுப்பார்கள்? அவன் டாக்டர் பட்டம் வாங்க வேண்டியதே நான்கைந்து ஆண்டுகளுக்குள்! இந்த நிலையில் அவரவரும் சீக்கிரம் அகப்படும் கிரகங்களையே தேடிப் போவதில் ஆச்சரியம் இல்லை.

இது மாற வேண்டும். ஒவ்வொரு பெரிய வானிலையமும் ஆண்டுக்குச் சில இரவுகளை நீண்ட காலக் கவனிப்புக்கென்று தனியே ஒதுக்க வேண்டும். அந்த இரவுகளைத் தவணைக்குத் தவணை பறிக்கக் கூடாது. ஒருவர் ஓய்வு பெற்றால் அடுத்தவர் அதே நட்சத்திரத்தைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

"இதனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியுமா?" என்று தாய்மார் கேட்கலாம். எரியாது. ஆனால் நம் பூமி எப்படி உண்டாயிற்று என்பதற்கு நம் குடும்பம் ஒன்றை மட்டும் பார்த்து விடை சொல்ல முடியாது. நாலு வீட்டைப் பார்த்தால்தான் நம் வீட்டு வழக்கம் பொதுவானதா, அபூர்வமா என்று தெரியும்.

வியாழன் நமக்குக் காவல்காரன் என்று பல புத்தகங்களில் எழுதியிருப்பார்கள். 1994-ல் ஒரு வால்நட்சத்திரம் துண்டு துண்டாக உடைந்து வியாழனில் மோதியதை உலகமே பார்த்தது. ஆனால் வருகிற கல்லைத் தடுக்கும் அதே வியாழன், சில கற்களை நம் பக்கம் திருப்பியும் விடுகிறது என்று பிற்காலக் கணக்குகள் காட்டின. அண்ணன் இல்லாத வீடுகளையும் பார்த்தால்தான் இந்த வழக்கு தீரும்.

பொறுமைக்குப் பலன் உண்டு என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. தென்வானத்தில் பை மென்சே என்று ஒரு நட்சத்திரம். 2001-ல் அங்கே ஒரு பெரிய கிரகத்தைக் கண்டுபிடித்தார்கள். வியாழனைப் போல் பத்து மடங்குக்கு மேல் எடை. ஒரு சுற்றுக்கு ஆறு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. பதினேழு ஆண்டுகள் அதைத் தனிக்கட்டை என்றே நினைத்திருந்தார்கள். 2018-ல் டெஸ் என்ற புதிய விண் தொலைநோக்கி பார்த்தது. உள்ளே பூமியைப் போல் இரண்டு மடங்கு அகலமுள்ள ஒரு தம்பி, ஆறே நாளில் சுற்றிக்கொண்டிருந்தான்! இரண்டும் ஒரே தட்டில் சுற்றவில்லை, வெகுவாகச் சாய்ந்து சுற்றுகின்றன என்பதும் பின்னால் தெரிந்தது.

அங்கே அண்ணன் முதலில் அகப்பட்டான். மற்ற பல வீடுகளில் தம்பிகள் அகப்பட்டுவிட்டார்கள், அண்ணனைத்தான் காணோம். கடந்த மகாமகத்தன்று ஒரு நட்சத்திரத்தைக் கவனிக்கத் தொடங்கியிருந்தால், வியாழனைப் போன்ற கிரகம் அதற்கு உண்டா என்பதற்கு ஒரு முழுச் சுற்றின் கணக்கு 2028-ல்தான் கையில் கிடைக்கும்.