நோயாளியின் அருகே ஒரு கூடாரம்

ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய ஐந்து கடமைகளுள் நோயாளியை நலம் விசாரிப்பதும் ஒன்று. ஸலாமுக்குப் பதிலுரைத்தல், ஜனாஸாவைப் பின்தொடர்தல், விருந்தழைப்பை ஏற்றல், தும்மியவருக்காக துஆச் செய்தல் ஆகியவற்றுடன் சேர்த்து இதனையும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எண்ணிக் காட்டியுள்ளார்கள். இதை அறியாத முஸ்லிம் இல்லம் இல்லை. ஆனால் அக்கடமையை நிறைவேற்றத் தொலைவிலிருந்து வருபவர் எங்கே தங்குவது, எத்தனை நாள் தங்குவது, யாருடைய அடுப்பில் அவருக்குச் சோறு வேகும் என்பவற்றைப் பற்றி நாம் சிந்திப்பது மிகக் குறைவு.

அமெரிக்காவில் பணிபுரியும் நம்மவர் ஒருவர் அண்மையில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அந்நாட்டிலேயே வேறொரு மாநிலத்தில் வாழும் அவருடைய தாய்மாமா கடும் நோயுற்றுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டார். செய்தி கேட்டதும் மருமகன் காரில் இரண்டு நாள் பயணம் செய்து சென்று சேர்ந்தார். மாமா வீட்டில் படுக்கையறைகள் இரண்டே. மாமி, கைக்குழந்தையுடன் மகள், மாமியின் வயது முதிர்ந்த தாயார் ஆகியோர் அங்கிருந்தனர். அவர் அவ்வீட்டில் தங்காமல், மருத்துவமனையிலிருந்து இருபது நிமிடப் பயணத் தொலைவில் இருந்த கவுண்டிப் பூங்காவில் கூடாரமடித்து ஒன்பது இரவுகள் தங்கினார். சுபுஹுத் தொழுதுவிட்டு மருத்துவமனைக்குச் செல்வார். இரவு ஒன்பது மணிக்குமேல் திரும்புவார். இச்செய்தி ஊருக்கு எட்டியதும் உறவினர் கொதித்தனர். “சொந்த மாமா வீடு இருக்க, நாடோடியைப் போலக் காட்டில் படுத்தானாமே! கேட்பவர் என்ன நினைப்பார்கள்?” என்று தொலைபேசியில் அவருடைய தாயாரிடமே கேட்டார்களாம். ‘ஹஜ்ரத், நான் இரத்த பந்தத்தைத் துண்டித்தவன் ஆவேனா?’ என்பதே அவருடைய கேள்வி.

ஆகமாட்டார் என்பதே என் விடை. அதனை விளக்குமுன், அவர் தங்கிய இடம் எத்தகையது என்பதைக் கூற வேண்டும். ஏனெனில் ‘காடு’ என்ற ஒரு சொல்லே இங்கே பாதிக் குழப்பத்திற்குக் காரணம்.

கவுண்டி என்பது நம் நாட்டு மாவட்டத்தைப் போன்ற ஆட்சிப் பிரிவு. அமெரிக்காவில் இவை 3,000க்கும் மேல் உள்ளன. 1895ஆம் ஆண்டில் நியூஜெர்சி மாநிலத்து எஸ்ஸெக்ஸ் கவுண்டி, பூங்காக்களுக்கென ஓர் ஆணையத்தை நிறுவி வழிகாட்டியது. பிற கவுண்டிகளும் தத்தம் மக்களுக்காகப் பூங்காக்களை அமைத்தன. அவற்றுள் பலவற்றில் கூடாரமடிக்க இடம் குறித்து விடப்பட்டிருக்கும். ஒவ்வோர் இடத்திற்கும் ஒரு மரமேசையும் நெருப்பு மூட்ட ஒரு வளையமும் உண்டு. பொதுக் குழாயும் கழிப்பறையும் இருக்கும். இரவில் அமைதி காக்க வேண்டிய நேரமும் விதிக்கப்பட்டிருக்கும். கட்டணம் விடுதியறை வாடகையினும் மிகக் குறைவு. மின்னசோட்டா மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில், உலகின் பல பாகங்களிலிருந்தும் நோயாளிகள் நாடி வரும் மேயோ மருத்துவமனை இருக்கிறது. அந்நகருக்குக் கிழக்கே சில மைல் தொலைவில் ஓல்ம்ஸ்டெட் கவுண்டி நடத்தும் செஸ்டர் வுட்ஸ் என்னும் பூங்காவிலும் இவ்வாறு தங்க இடமுண்டு. ஆகவே இது காட்டில் அலைவதன்று. அரசு வகுத்துத் தந்த இடத்தில் பணம் செலுத்தித் தங்குவதாகும்.

கூடாரத்தில் தங்குவது இழிவும் அன்று. பயண நாளிலும் தங்கும் நாளிலும் எளிதாக எடுத்தாளும்படி தோல் கூடாரங்களை நமக்கு அளித்திருப்பதைத் தன் அருட்கொடைகளுள் ஒன்றாக அல்லாஹுத் தஆலா ஸூரா நஹ்லில் குறிப்பிடுகிறான். அவன் அருட்கொடை என்று எண்ணியதை நாம் அவமானம் என்று எண்ணலாமா?

இனி, ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு (கி.பி. 627) நடந்த அகழ்ப் போரை நினைவுகூருங்கள். அன்ஸாரிகளின் தலைவர்களுள் ஒருவரான ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களின் கை நரம்பில் அம்பு தைத்தது. அவர்களை அருகிலிருந்தே அடிக்கடி நலம் விசாரிக்க வேண்டும் என்பதற்காக, நபி (ஸல்) அவர்கள் தம் பள்ளிவாசலிலேயே அவர்களுக்கு ஒரு கூடாரம் அமைக்கச் செய்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. காயமுற்றோருக்குப் பணிவிடை செய்துவந்த ருஃபைதா (ரலி) என்னும் பெருமாட்டியின் கூடாரமே அது என வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் குறித்துள்ளார். அங்கே கூடாரத்தில் இருந்தவர் நோயாளி. இங்கே கூடாரத்தில் இருந்தவர் நலம் விசாரிக்க வந்தவர். இவ்வேறுபாட்டை நான் மறைக்கவில்லை. ஆயினும் இரண்டின் நோக்கமும் ஒன்றேயன்றோ? நோயாளிக்கும் அவரைக் காண்பவருக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைப்பதே அந்நோக்கம். அருகில் இருத்தலே நலம் விசாரிப்பின் உயிர். எந்தக் கூரையின் கீழ் உறங்கினார் என்பது அதன் உயிரன்று.

மற்றொரு நபிமொழியையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். விருந்தோம்பல் மூன்று நாட்களே என்றும், விருந்தளிப்பவரை இடருக்குள்ளாக்கும் வரை அவரிடம் தங்கியிருப்பது விருந்தாளிக்கு ஆகுமானதன்று என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். நலமாக இருக்கும் வீட்டிற்கே இந்த எல்லை என்றால், குடும்பத் தலைவர் உயிருக்குப் போராடும் வீட்டிற்கு எவ்வளவு கவனம் வேண்டும்! அந்த மாமி பகலெல்லாம் மருத்துவமனையில் அமர்ந்திருந்து இரவில் வீடு திரும்புகிறார். வாயிற்கதவைத் திறந்தால் கூடத்தில் விருந்தாளி. அவர் முகங்கழுவு முன் தேநீர் வைக்க வேண்டும். அழ நினைத்தாலும் விருந்தாளி முன் அழுகையை அடக்க வேண்டும். மருமகன் கூடாரத்தில் உறங்கியதால் அம்மாதரசிக்குக் கிடைத்தது, தம் வீட்டில் மனம்விட்டு அழவும் துஆச் செய்யவும் அயர்ந்து உறங்கவும் ஆன தனிமை. இதுவும் ஒரு தர்மமே.

இதைக் கொண்டு, உறவினர் வீட்டில் தங்குவதே தவறு என்று எவரும் பொருள்கொள்ள வேண்டாம். நோயாளியின் வீட்டில் ஆண் துணை இல்லை, இரவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, ‘நீ இங்கேயே இரு’ என்று அவர்கள் மனமார அழைக்கிறார்கள் என்றால் அவ்வீட்டில் தங்குவதே கடமைக்கு நெருக்கமானது. அப்போது தங்குபவர் விருந்தாளி அல்லர், ஊழியர். பத்ருப் போருக்கு எல்லோரும் புறப்பட்டபோது, நபி (ஸல்) அவர்களின் மகளாரும் தம் துணைவியாருமான ருகையா (ரலி) அவர்கள் நோயுற்றிருந்ததால், உதுமான் (ரலி) அவர்களை மதீனாவிலேயே தங்கிப் பணிவிடை செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நற்கூலியும் பங்கும் அவர்களுக்கு உண்டு என்றும் அறிவித்தார்கள். வீட்டினுள் இருந்து நோயாளிக்கு உழைத்தவரின் தகுதி அத்தகையது. எனவே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: நான் அங்கே தங்கினால் அவர்களின் சுமை ஒரு கைப்பிடி குறையுமா, கூடுமா?

கூடாரத்தில் தங்குபவரும் தம் நிய்யத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். ஏரியில் மீன் பிடிப்பதிலும் நெருப்பைச் சுற்றி அமர்ந்து இறைச்சி வாட்டுவதிலும் நாள் முழுதும் கழித்துவிட்டு, மாலையில் பத்து நிமிடம் மருத்துவமனையை எட்டிப் பார்ப்பவர், உல்லாசப் பயணத்திற்கு நோயாளியின் பெயரைச் சூட்டியவர் ஆவார். செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன என்பதை அவர் மறக்கலாகாது. மேற்சொன்ன அன்பரோ பகலை மருத்துவமனையில் செலவிட்டார், மருந்து வாங்கினார், மாமியைக் காரில் அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்து விட்டார். உறங்க மட்டுமே கூடாரம். அவரைக் குறை கூற நமக்கு என்ன இருக்கிறது?

இவ்வாறு தங்குவோர் அறிய வேண்டிய மார்க்கச் சட்டங்கள் சிலவற்றையும் கூறுகிறேன். மத்ஹபு நூல்கள் வரையறுத்த தூரத்தைக் கடந்து வந்தவர் முஸாபிர் ஆவார். நான்கு ரக்அத் பர்ளுகளை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். ஹனபி மத்ஹபில் ஓரிடத்தில் 15 நாள் தங்க நிய்யத் வைத்தால் அச்சலுகை நீங்கும். ஷாபிஈ மத்ஹபில் வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க நிய்யத் வைத்தாலே நீங்கும். ஆனால் இன்றோ நாளையோ முடியும் என்று ஒரு காரியத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பவர் 18 நாள் வரை சுருக்கலாம். நோயாளிக்காக நிற்பவரின் நிலை பெரும்பாலும் இதுவன்றோ! இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழும் ஜம்உ, ஷாபிஈகளுக்குப் பயணத்தில் அனுமதிக்கப்பட்டது. தொழுமிடம் பற்றிக் கவலையே வேண்டாம். பூமி முழுவதும் இந்த உம்மத்துக்குத் தொழுமிடமாக ஆக்கப்பட்டுள்ளது. அந்தப் புல்தரையில் கிப்லாவை அறிந்து விரிப்பை விரித்தால் போதும்.

இரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. உறங்கும்போது நெருப்பை எரியவிடக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். கூடாரத்தினுள் அடுப்போ கரிச்சட்டியோ வைத்தால் துணி தீப்பற்றும் என்பதோடு, நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயு உறங்குபவரின் உயிரையே பறித்துவிடும். குளிருக்காகக்கூட இதைச் செய்யலாகாது. அடுத்து, நோயுற்ற ஒட்டகங்களை நலமுள்ள ஒட்டகங்களிடம் கொண்டு வராதீர் என்ற நபிமொழியைச் சிந்தியுங்கள். தமக்குச் சளியோ காய்ச்சலோ இருக்குமாயின், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவரை நேரில் காணாமல் தொலைவிலிருந்தே துஆச் செய்வதுதான் அவருக்குச் செய்யும் நன்மை.

இதுவரை அமெரிக்காவைப் பற்றிப் பேசினோம். இப்போது நம் வீடுகளைப் பார்ப்போம். அறுவைச் சிகிச்சை முடிந்து ஒருவர் வீடு திரும்பினால், வேன் நிறைய உறவினர் வந்து இறங்குகிறார்கள். நோயாளியின் கட்டிலைச் சுற்றி அமர்ந்து, அதே நோயால் இறந்தவர்களின் கதைகளைச் சொல்கிறார்கள். அடுக்களையில் அவருடைய மனைவி பிரியாணிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருக்கிறார். ‘ஒரு வாய்ச் சோறுகூடப் போடவில்லை’ என்ற சொல்லுக்கு அஞ்சியே அவர் அதைச் செய்கிறார். இதுவா நலம் விசாரிப்பு? சிறிது நேரம் இருந்து, நெற்றியில் கை வைத்து துஆச் செய்து, நம்பிக்கை தரும் ஒரு சொல் கூறி எழுவதே அதன் ஒழுக்கம் என்று நம் முன்னோர் கற்பித்தனர். நோயாளியே ‘இன்னும் சற்று இரு’ என்றால் அது வேறு.

மறுபுறம், அரசு மருத்துவமனைத் தாழ்வாரங்களில் செய்தித்தாளை விரித்து உறங்கும் உறவினர்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவர்களுக்குக் கூடாரமும் இல்லை, குழாயும் இல்லை. நோயுற்ற குழந்தைகளின் பெற்றோர் தங்குவதற்கென 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லம் தொடங்கப்பட்டது. இன்று அத்தகைய இல்லங்கள் பல நாடுகளில் உள்ளன. நமக்கு இது புதிய பாடமா? கெய்ரோவில் 1284ஆம் ஆண்டில் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனை வக்ஃபுச் சொத்துக்களின் வருவாயில் இயங்கியது. வழிப்போக்கர்களுக்காக முஸாபர்கானாக்களைக் கட்டியவர்கள் நம் முன்னோர். சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகே சித்திக் சராயைப் பயணிகளுக்காக வக்ஃபுச் செய்த கொடையுள்ளமும் நம் சமுதாயத்தில் பிறந்ததே. பெரிய மருத்துவமனை உள்ள ஒவ்வோர் ஊரிலும், அவ்வூர் ஜமாஅத் இரண்டு அறைகளையேனும் ஒதுக்கி, எந்த மதத்தவராயினும் நோயாளியின் துணைவருக்குப் படுக்க ஒரு பாயும் குளிக்கத் தண்ணீரும் தர முன்வர வேண்டும். திருமண மண்டபத்திற்குப் பளிங்கு பதிக்க இயன்ற நமக்கு இது இயலாததன்று.

அந்த அன்பருக்கு நான் எழுதிய பதிலின் சாரம் இதுதான்: ‘நீர் இரத்த பந்தத்தைத் துண்டிக்கவில்லை, அதன் மீது சுமை ஏற்றாமல் அதனைப் பேணினீர். உம் தாயாரிடம் இதை எடுத்துச் சொல்லும். அவர் மனம் ஆறும்.’

நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண சுகத்தை அளிப்பானாக! அவர்களைக் காணச் செல்லும் நமக்கு, அருகில் இருந்தும் பாரமாகாத பண்பை அருள்வானாக! ஆமீன்.