பழி சிமெண்டின் மேல்

"சார், என் பாட்டிக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள். சிமெண்டு போடாத வகையாம். அப்படியென்றால் ஆயுசுக்கும் தாங்கும்தானே?" என்று நான்காம் படிவ மாணவி ஒருவர் கேட்டார். 'சிமெண்டு போடாத' என்பதையே ஒரு தரச் சான்றிதழ் போலச் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை.

1962இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற மருத்துவர் உலோகத் தண்டையும் பாலிஎத்திலீன் கிண்ணத்தையும் அக்ரிலிக் சிமெண்டால் எலும்போடு பிணைத்தார். (வீடு கட்டும் சிமெண்டு அல்ல!) பலருக்கு நன்றாக உழைத்தது. சிலருக்கோ சில ஆண்டுகளில் மூட்டு தளர்ந்தது. சுற்றியிருந்த எலும்பும் கரைந்திருந்தது. பழி சிமெண்டின் மேல் விழுந்தது. 'சிமெண்டு நோய்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

சரி, சிமெண்டை நீக்கிவிடலாம் என்றார்கள். நுண்துளைகள் கொண்ட உலோகத்தை எலும்புக்குள் இறுக்கமாகப் பொருத்தினால், எலும்பே அந்தத் துளைகளுக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். அருமையான யோசனை. எலும்பும் சொன்னபடி வளர்ந்தது. ஆனால் துளி சிமெண்டும் இல்லாத அந்த மூட்டுகளிலும் பின்னர் எலும்பு கரைந்தது!

உண்மையான குற்றவாளி, கிண்ணத்திலிருந்து வந்த தூசு. நாம் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் உலோகக் குண்டு பிளாஸ்டிக்கை உரசுகிறது. உதிரும் நுண்துகள்களை வெள்ளை அணுக்கள் விழுங்குகின்றன. செரிக்க முடியாமல் அவை வெளிவிடும் வேதிப்பொருள்கள், எலும்பை அரிக்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. 1990களின் இறுதியில், மூலக்கூறுச் சங்கிலிகளைக் கதிர்வீச்சால் குறுக்காகப் பிணைத்த பாலிஎத்திலீன் வந்தபிறகே தேய்மானம் வெகுவாகக் குறைந்தது.

ஒரு மாறியை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று ஆய்வுக்கூடத்தில் நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான். சிமெண்டை எடுத்த பிறகும் எலும்பு கரைந்ததால்தான் அது குற்றமற்றது என்று தெரிந்தது. இன்றும் எலும்பு பலவீனமான முதியவர்களுக்குச் சிமெண்டு போட்ட தண்டையே பல மருத்துவர்கள் விரும்புகிறார்கள். புதியது என்பதாலேயே ஒன்று நீடித்து உழைத்துவிடாது.

2019இல் வெளியான ஓர் ஆய்வு, மாற்றப்பட்ட இடுப்பு மூட்டுகளில் சுமார் 58 விழுக்காடு 25 ஆண்டுகள் தாங்கும் எனக் கணக்கிட்டது. அது பழைய மூட்டுகளின் கணக்கு. பாட்டியின் மூட்டுக்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது.

"மறுபரிசோதனைக்குப் போகிறாரா?" என்று கேட்டேன்.

"வலிதான் இல்லையே, எதற்கு என்கிறார் சார்."

எலும்புக் கரைவு பெரும்பாலும் வலியில்லாமல்தான் தொடங்கும், எக்ஸ்ரேயில்தான் தெரியும். பாட்டியின் அப்பாயின்ட்மென்ட் அட்டையைத் தேடி எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.